சனிக்கிழமைக்கு முன்னாடி விட்டுப்போன ஒரு புள்ளி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாங்க நாலு பேர் இருக்கற சின்ன டீம். மத்தவங்களோட வெப்சைட்ட பாத்துக்கறது, சர்வர் மாத்தறது, ஃபார்ம் டிசைன் பண்றது, ஏதாவது உடைஞ்சா சரி பண்றது, இதுதான் வேலை. இதுல வர்ற யாரோட பேரும், எந்த நிறுவனத்தோட பேரும் சொல்லப்போறதில்ல, அது தேவையும் இல்ல.

டீம்லயே சின்ன பையன் ஒருத்தன், அவன தம்பின்னே எழுதறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சைட் விழுந்தா லாக் ஃபைல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு எந்த வரியில பிரச்சனைன்னு சொல்லிடுவான், அந்த அளவுக்கு கெட்டிக்காரன். அதனாலதான் ஒரு முக்கியமான கிளையன்ட்டுக்கு நேரடியா அவனே மெயில் போடட்டும்னு நான் விட்டேன். அவங்க ஆபீஸ்ல பொறுப்புல இருந்தவங்க ஒரு மேடம், எல்லாத்தையும் தமிழ்லதான் எழுதுவாங்க, நாங்களும் தமிழ்லதான் பதில் போடுவோம். பேசற தமிழ்ல, வாட்ஸ்அப்ல அடிக்கற மாதிரி. அது ஒரு குறையா எனக்கு அப்ப தோணல, இப்பவும் தோணல.

அவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ உறுப்பினர் பதிவு நடக்கும், அது முழுக்க சைட்லதான். பதிவு தொடங்கறதுக்கு முன்னாடி பழைய சர்வர்லேர்ந்து புதுசுக்கு மாத்தணும்னு முடிவு பண்ணியிருந்தோம்.

அந்த மெயில்

வியாழக்கிழமை சாயந்தரம் தம்பி மேடத்துக்கு அனுப்பினது இது, நடுவுல ஒரு எழுத்தையும் மாத்தல:

மேடம் சர்வர் மாத்தறோம் சனிக்கிழமை சைட் ஓடாது ஞாயித்துக்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் பண்ணிக்கலாம் ஏதாவது இருந்தா சொல்லுங்க.....

அவன் மனசுல இருந்தது: சர்வர் மாத்தறோம். சனிக்கிழமை சைட் ஓடாது. ஞாயித்துக்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் பண்ணிக்கலாம்.

மேடம் படிச்சது: சர்வர் மாத்தறோம் சனிக்கிழமை. சைட் ஓடாது ஞாயித்துக்கிழமை. ரெஜிஸ்ட்ரேஷன் ஓப்பன் பண்ணிக்கலாம்.

ரெண்டுமே சரியான தமிழ். பேசும்போது "வர்றேன் நாளைக்கு", "குடுத்துட்டேன் நேத்தே"ன்னு கிழமைய வினைக்கு பின்னாடி போட்டு பேசறது நம்ம எல்லாருக்கும் பழக்கம்தான். அதனால மேடம் ஏதோ அவசரத்துல தப்பா படிச்சாங்கன்னு சொல்லவே முடியாது. சர்வர் மாத்தறது உங்க உள் வேலை, ஞாயித்துக்கிழமைதான் சைட் இருக்காது, பதிவ இப்பவே திறக்கலாம்னு எடுத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைலயே உறுப்பினர்களுக்கெல்லாம் அறிவிப்பு போயிருச்சு, ஞாயிறு சைட் இருக்காது, அதனால சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்கன்னு.

சனிக்கிழமை காலைல நாங்க சைட்ட நிறுத்தினோம். தம்பி போன சைலன்ட்ல வெச்சுட்டு வேலைல உக்காந்துட்டான். உறுப்பினர்கள் கூப்பிட்டு மேடத்தோட போன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, அவங்க இவனுக்கு அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, பதினோரு மணிக்கு மேலதான் இவன் எடுத்தான். அதுக்குள்ள டொமைன, அதாவது சைட்டோட பேர, புது சர்வருக்கு திருப்பியாச்சு. திரும்ப பழசுக்கே போனாலும் அந்த மாற்றம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேராது, சிலருக்கு பழைய முகவரி, சிலருக்கு புது முகவரின்னு கேஷ்ல (முன்னாடி பாத்தத தற்காலிகமா சேத்து வெக்கற இடத்துல) நிக்கும், பாதி பேரோட பதிவு ஒரு சர்வர்லயும் மீதி இன்னொன்னுலயும் விழுந்திருக்கும். அதனால நிறுத்தாம முடிக்கறதுன்னு நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலைல சைட் நல்லா ஓடுச்சு, யாரும் வரல, ஏன்னா அன்னைக்கு இருக்காதுன்னு அவங்களே அறிவிச்சிருந்தாங்க.

திங்கக்கிழமை போன்

நான் மன்னிப்பு கேட்டுட்டு மேடம் தேதி தகராறு பத்திதான் பேசப்போறாங்கன்னு நெனச்சேன். அவங்க அத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க, தானும் ஒரு வார்த்தை திருப்பி கேட்டிருக்கணும்னு கூட சொன்னாங்க. அதுக்கப்புறம் சொன்னதுதான் எனக்கு தூக்கம் வராம பண்ணுச்சு. "சார், உங்க தம்பி மெயில படிச்சா எங்கயோ ஓடிக்கிட்டே எழுதின மாதிரி இருக்கு. எங்க டேட்டாவையும் இப்படித்தான் ஓடிக்கிட்டே பாத்துக்கறீங்களோன்னு எங்க மேலிடத்துல கேக்கறாங்க."

இனிமே வேற யாராவது மெயில் போடட்டும்னும் கேட்டாங்க. ஒப்பந்தம் புதுப்பிக்கற நேரம் வேற.

உண்மைய சொல்லணும்னா எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. வேலை சுத்தமா இருக்கு, சர்வர் மாத்தினதுல ஒரு ரெக்கார்டு கூட தொலையல, இவங்க புள்ளிய எண்ணிக்கிட்டு இருக்காங்களேன்னு. அப்புறம் யோசிச்சா, அந்த மேடத்துக்கு எங்க சர்வர் கான்ஃபிகரேஷன பாத்து நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வழியே இல்ல. எங்க கைல இருந்து அவங்க கண்ணுக்கு போற ஒரே பொருள் மெயில்தான், அத வெச்சுத்தான் கண்ணுக்கு தெரியாத மீதிய எடை போடறாங்க. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்.

மெயில எல்லாம் எடுத்து பார்த்தப்போ

மூணு மாசத்துல தம்பி அந்த கிளையன்ட்டுக்கு அனுப்பின மெயில் மொத்தத்தையும் எடுத்து ஒரே உக்காருல படிச்சேன், 61 இருந்துச்சு. அவன் தப்பு கண்டுபிடிக்கணும்னு இல்ல, மேடம் கண்ணால ஒரு தடவ பாக்கணும்னு.

முதல்ல கண்ணுல பட்டது அந்த வரிசைப் புள்ளி. "ஓகே மேடம்.....", "பாத்துட்டு சொல்றேன்.....", "முடிஞ்சிருச்சு......" அவனுக்கு அது மரியாதையா இழுத்து பேசற மாதிரி. படிக்கறவங்களுக்கு ஏதோ சொல்லாம முழுங்கற மாதிரி, இல்லன்னா விருப்பமில்லாம ஒத்துக்கற மாதிரி. "முடிஞ்சிருச்சு......"ன்னு பாத்தா எனக்கே "அப்புறம் என்னடா ஆச்சு"ன்னு கேக்கத் தோணுச்சு.

அடுத்தது கேள்விக்குறி. தமிழ்ல இது கொஞ்சம் வித்தியாசமான கதை. "மாத்திட்டீங்களா"ன்னு எழுதினா அந்த "ஆ"வே கேள்விக்குறி வேலைய செஞ்சிடுது, குறி இல்லாட்டியும் பொழச்சுக்கலாம். ஆனா பேச்சுல நாம "ஆ" போடாமலே குரல மட்டும் தூக்கி கேப்போம். தம்பி ஒரு மெயில்ல "மேடம் பாஸ்வேர்ட் மாத்திட்டீங்க"ன்னு எழுதியிருந்தான். அவன் கேட்டது கேள்வி. அங்க போய் சேந்தது குற்றச்சாட்டு. மேடத்தோட பதில் ஒரே வரி, "நாங்கள் எதையும் மாற்றவில்லை." அந்த வரியில இருந்த சூடு அன்னைக்கே எங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.

இன்னும் சில இருந்துச்சு. சைட் விழுந்துபோன அன்னைக்கு அனுப்பின மெயில்ல "சரி பண்ணிட்டு இருக்கோம்!!!"ன்னு மூணு உணர்ச்சிக்குறி, நோயாளிகிட்ட டாக்டரே கத்தற மாதிரி. கேள்விக்குறிக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விடற பழக்கம், அதனால போன்ல படிக்கும்போது குறி மட்டும் அடுத்த வரிக்கு தனியா இறங்கி அனாதையா நிக்கும்.

இதெல்லாம் எங்க கத்துக்கிட்டான்னு பாக்க அதே மூணு மாசத்துல நான் டீமுக்கு அனுப்பினதையும் எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். வரிசைப் புள்ளி என்னோடது. "சீக்கிரம்!!!" என்னோடது. அத விட கொடுமை, நாங்க புது கிளையன்ட்டுக்கு அனுப்பற அறிமுக ஃபைலோட முதல் பக்கத்துல எங்கள் "தரமான" சேவைன்னு மேற்கோள் குறி போட்டு நான்தான் எழுதியிருந்தேன், அழுத்தமா தெரியட்டும்னு. மேற்கோளுக்குள்ள ஒரு சொல்ல தனியா வெச்சா "அப்படின்னு சொல்லிக்கறாங்க"ன்னு ஒரு நக்கல் அதுல ஒட்டிக்கும். ரெண்டு வருஷமா எங்க சேவைய நாங்களே கிண்டல் பண்ணி அனுப்பிட்டு இருந்திருக்கோம்.

ஏன் பேச்சுத் தமிழ்ல இது அதிகமா உதைக்குது

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஓலைச்சுவடி காலத்துல முற்றுப்புள்ளி, கமா எதுவும் கிடையாது, மெய்யெழுத்துக்கு வைக்கற புள்ளியவே ஓலை கிழிஞ்சிடும்னு விட்டுடுவாங்க, இந்த நிறுத்தக்குறியெல்லாம் அச்சு வந்ததுக்கு அப்புறம் வழக்கத்துக்கு வந்ததுதான். அப்ப எப்படி சமாளிச்சாங்க?

எனக்கு புரிஞ்ச வரைக்கும், எழுத்துத் தமிழ்ல உரைநடை வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றுல முடியும், அதனால முடிவு எங்கன்னு தானா தெரியும். அடுத்தவர் பேச்சு எங்க முடியுதுன்னு "என்று" சொல்லிடும், கேள்விய "ஆ"வும் "ஓ"வும் சொல்லிடும். குறி செய்யற வேலைல பாதிய இலக்கணமே செய்யுது. பேச்சுத் தமிழ் இதையெல்லாம் தளர்த்திடுது, கிழமை வினைக்கு பின்னாடி போகும், "னு" காணாம போகும், "ஆ"வுக்கு பதிலா குரல் ஏறும். வாயால பேசும்போது குரல் இருக்கு. அதே பேச்ச டைப் பண்ணினா குரல் போயிடுது, இலக்கணமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் இருக்கறது அந்த சின்ன குறிங்கதான். இலக்கணத் தமிழ்ல எழுதறவர விட பேச்சுத் தமிழ்ல எழுதறவருக்குத்தான் புள்ளியும் கமாவும் அதிகமா தேவைன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

நன்னூல்ங்கற பழைய இலக்கண நூல்ல பொருள்கோள், அதாவது செய்யுள்ல சொல்ல சேத்து பொருள் எடுக்கற முறை, எட்டுன்னு வரும், அதுல ஒண்ணு தாப்பிசை. நடுவுல நிக்கற ஒரு சொல் ஊஞ்சல் மாதிரி முன்னாடியும் போகும் பின்னாடியும் போகும். செய்யுள்ல அது அழகு. எங்க மெயில்ல சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ஆடினது அதே ஊஞ்சல்தான், அந்த நூலே "மயங்க வைத்தல்"னு ஒரு குற்றத்தையும் நூல்ல வரக்கூடாத பத்துக்குற்றத்துல வெச்சிருக்கு.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

தம்பிய அந்த கிளையன்ட்டுகிட்ட இருந்து முழுசா எடுத்துடலாமான்னு யோசிச்சோம். எடுக்கல. எடுத்தா அவன் வேலையே மோசம்னு அவனுக்கு கேக்கும், அது பொய். நாலு வாரத்துக்கு மெயில அவனே எழுதணும், நான் படிச்சுட்டு என் பேர்ல அனுப்பணும்னு வெச்சோம். மேடம்கிட்டயும் அத அப்படியே சொன்னேன், ஒளிக்கல.

டீம்ல இன்னொருத்தர், இதுக்கெல்லாம் எதுக்கு இவ்ளோ, ஏதாவது ஏஐ டூல்ல போட்டா அதுவே புள்ளி வெச்சு குடுத்துடுமேன்னாரு. அந்த வியாழக்கிழமை மெயிலயே போட்டு பாத்தேன். ரொம்ப அழகா கமாவும் புள்ளியும் வெச்சு குடுத்துச்சு, மேடம் படிச்ச அர்த்தத்துல. எந்தக் கிழமைன்னு தம்பி மண்டைக்குள்ள மட்டும்தான இருந்துச்சு, டூலுக்கு எப்படி தெரியும். எழுத்துப்பிழை பாக்க வெச்சுக்கலாம், அர்த்தத்த முடிவு பண்ண விடக்கூடாதுன்னு விட்டுட்டோம்.

தம்பி முதல்ல ஒத்துக்கல. "வெறும் புள்ளி, கமா தானண்ணா"ன்னான். நான் அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல நடந்த வழக்க எடுத்து சொன்னேன். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல், அதோட கடைசியில "packing for shipment or distribution"ன்னு ஒரு இங்கிலீஷ் தொடர், "shipment"க்கு பின்னாடி கமா இல்ல. அப்ப அது பொதி கட்டறது ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலையா, இல்ல அனுப்பறதுக்கோ விநியோகத்துக்கோ பொதி கட்டறதுங்கற ஒரே வேலையா? ஒரே வேலைன்னா வண்டி ஓட்டி விநியோகம் பண்றவங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது, ஓவர்டைம் உண்டு. ஒரு பால் கம்பெனி டிரைவருங்க இத வெச்சு கேஸ் போட்டாங்க, 2017ல மேல்முறையீட்டு கோர்ட் சட்டம் தெளிவா இல்லன்னு சொல்லி அவங்க பக்கம் நின்னுச்சு, 2018ல 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. கோர்ட் அப்படி சொன்னதுக்கு அப்புறம் அந்த சட்டத்தையே திருத்தி பட்டியல்ல அரைப்புள்ளியா போட்டு பிரிச்சாங்க.

கேட்டுட்டு "அது கோர்ட்டுண்ணா, இது மெயிலு"ன்னான். சரியாத்தான் சொன்னான். அவன மாத்தினது அந்த கதை இல்ல. அவன் மெயில அவன்கிட்டயே குடுத்து, சத்தமா ரெண்டு தடவ ரெண்டு விதமா படிக்கச் சொன்னேன். ரெண்டாவது தடவ பாதியில நிறுத்திட்டான், "அய்யோ"ன்னான்.

இலக்கண வகுப்பு எதுவும் வைக்கல. அனுப்பறதுக்கு முன்னாடி வாய விட்டு படி, குரல் எங்க இறங்குதோ அங்க புள்ளி, எங்க ஏறுதோ அங்க கேள்விக்குறி. கிழமை, தேதி, நேரம் எப்பவும் வினைக்கு முன்னாடி, தனி வரியில. வரிசைப் புள்ளி வேண்டவே வேண்டாம். நானும் அதே விதிக்குள்ளதான்னு சொன்னேன், அது இல்லன்னா அவன் கேட்டிருக்க மாட்டான்.

அப்புறம் நடந்தது

முதல் வாரம் எதிர்ப்பக்கம் போயிட்டான். "மேடம், நாங்கள், இன்று, பேக்கப், எடுத்தோம்."னு வார்த்தைக்கு ஒரு கமா, கூடவே "தங்களின் மேலான கவனத்திற்கு" வேற. பயந்தவன் எழுதற எழுத்து அது. படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. நான் அத திருத்தல, வாய விட்டு படிடான்னு மட்டும் சொன்னேன், மூணாவது வாக்கியத்துல அவனுக்கே சிரிப்பு வந்துருச்சு.

எதிர்பாக்காதது சாட்ல நடந்துச்சு. மேடம் சாட்ல ஏதோ கேக்க, இவன் "சரி."ன்னு புள்ளி வெச்சு ஒத்தை வார்த்தை அனுப்பியிருக்கான். அவங்க எனக்கு போன் போட்டு "தம்பிக்கு எங்க மேல வருத்தமா"ன்னு கேட்டாங்க. இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு, நியூயார்க் மாநிலத்துல பிங்காம்டன் பல்கலைக்கழகத்துல 126 மாணவர்கள வெச்சு பாத்து 2015 கடைசியில வெளியிட்டாங்க, குறுஞ்செய்தியில ஒத்தை வார்த்தை பதிலுக்கு பின்னாடி முற்றுப்புள்ளி வந்தா மனசார சொல்லலங்கற மாதிரி தெரியுதாம், அதையே கையால எழுதின சீட்டுல காட்டினா அந்த வித்தியாசம் இல்லையாம். அதனால மெயிலுக்கு ஒரு பழக்கம், சாட்டுக்கு ஒரு பழக்கம்னு பிரிச்சோம். சாட்ல "சரி மேடம்" போதும், புள்ளி வேண்டாம்.

நாலு வாரம்னு வெச்சது ஏழு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் அவன் பேர்லயே போக ஆரம்பிச்சுது. அந்த கிளையன்ட் ஒப்பந்தத்த புதுப்பிச்சாங்க, ஆனா எப்பவும் போல ஒரு வருஷத்துக்கு இல்ல, ஆறு மாசத்துக்கு. சைட்ட நிறுத்தற வேலைன்னா மெயில் மட்டும் போதாது, போன்லயும் சொல்லணும்னு ஒரு வரி புதுசா சேத்தாங்க. நாங்க கேள்வி கேக்காம கையெழுத்து போட்டோம்.

இப்ப செஞ்சா என்ன மாத்துவேன்

அந்த "நாங்கள் எதையும் மாற்றவில்லை" பதில் வந்த அன்னைக்கே நிறுத்தி பாத்திருப்பேன், சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேன். கிளையன்ட் திடீர்னு இலக்கணத் தமிழுக்கு மாறினா அது கோவத்தோட அறிகுறின்னு இப்ப எங்களுக்கு தெரியும்.

"அப்படின்னா என்ன தம்பி"ன்னு திரும்பி வர்ற மெயில் இப்ப ரொம்ப கொறஞ்சிருக்கு. ஆனா முன்னாடி எத்தனை வந்துச்சுன்னு நான் எண்ணி வெக்கல, அதனால எவ்ளோ கொறஞ்சுதுன்னு நம்பரா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆரம்பத்துலயே எண்ணியிருக்கணும். தம்பி மெயில படிக்கறதுக்கு முன்னாடி என் மெயில படிச்சிருக்கணும், அதுவும் உண்மை.

அறிமுக ஃபைல்ல அந்த மேற்கோள் குறிய எடுத்தாச்சு. எடுக்கும்போது தம்பி பக்கத்துல நின்னு பாத்துட்டு, "அண்ணா, தரமானங்கற வார்த்தையும் வேணாம்ணா, அத அவங்க சொல்லட்டும்"ன்னான். அதையும் எடுத்துட்டேன்.